எலிக் கூண்டும் ஈற்றுக் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

ஆய்வகங்களில் எலிகளை வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டுக் கொங்குப் பகுதி வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு, கல்லூரி விலங்கு இல்லம் ஒன்றின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஐயா, எங்கள் மருந்தியல் கல்லூரி விலங்கு இல்லத்தில் விஸ்டார் எலிகளும் சுவிஸ் அல்பினோ சுண்டெலிகளும் வளர்க்கிறோம். முதுநிலை மாணவர்கள் ஆய்வு தொடங்கும் மாதத்தில் ஒரே வயதுள்ள எலிகள் போதிய எண்ணிக்கையில் கிடைப்பதில்லை. மற்ற மாதங்களிலோ கூண்டு வைக்க இடமில்லை. எத்தனை இணைகளை வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்? — விலங்கு இல்லப் பொறுப்பாளர், குமாரபாளையம்

பதில்: எலியைப் பெருக்குவதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை. ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டு மறந்துபோனால் அவை தாமே பெருகிக்கொள்ளும். உங்கள் இல்லத்தில் நடப்பதும் அதுவே என்று ஊகிக்கிறேன். கேட்ட தேதிக்குக் கேட்ட வயதில் கேட்ட எண்ணிக்கையை மட்டும் கொண்டுவருவதுதான் கடினம். அதற்குக் கணக்கை ஆய்வு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் எட்டு வார வயதுள்ள 36 ஆண் விஸ்டார் எலிகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஈற்றில் 10 குட்டிகள் பிறந்து, அவற்றுள் எட்டு பால் மறக்கும் வயது வரை தேறினால், ஏறத்தாழ நான்கு ஆணாக இருக்கும். ஆகவே ஒன்பது ஈற்றுகள் வேண்டும். இணை சேர்த்த பெண்களில் பத்துக்கு எட்டுதான் ஈனும் என்று கொண்டால், 12 பெண்களை இணை சேர்க்க வேண்டும். எல்லாப் பெண்களும் பருவத்துக்கு வந்து இணைய ஐந்து நாள், சினைக்காலம் 22 நாள், குட்டி எட்டு வாரத்தை எட்ட 56 நாள் என மொத்தம் 83 நாள் ஆகும். அதாவது ஐப்பசி முதல் பத்து நாள்களுக்குள் இணை சேர்த்தாக வேண்டும். மார்கழியில் மாணவர் வந்து கேட்டால் கடவுளாலும் கொடுக்க முடியாது. நான் இங்கே சொன்ன தேறும் வீதம் வெறும் எடுத்துக்காட்டுதான். உங்கள் பதிவேட்டில் கடந்த ஓராண்டில் எத்தனை பிறந்தன, எத்தனை தேறின என்பதை எடுத்து அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த எண்களே இல்லையென்றால் முதல் வேலை அவற்றைத் திரட்டுவதுதான்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியவரும். 36 ஆண்கள் பிறக்கும்போது ஏறக்குறைய 36 பெண்களும் பிறக்கின்றன. அவை எங்கே போகின்றன? ஆய்வுக்கு ஆண் மட்டுமே வேண்டும் என்று பழக்கத்தினால் எழுதும் மாணவரிடம், பெண்ணை ஏன் சேர்க்கக் கூடாது என்று நிறுவனத்தின் விலங்கு அறவியல் குழுக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். இரு பாலையும் எடுத்துக்கொண்டால் இணைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது. தேவையின்றிப் பிறந்து தேவையின்றிக் கொல்லப்படும் உயிர்களும் குறைகின்றன. ரஸ்ஸல், பர்ச் என்னும் அறிவியலாளர்கள் விலங்கு ஆய்வுக்காக 1959இல் வகுத்த மாற்று, குறைப்பு, மேம்பாடு என்னும் மூன்று நெறிகளுள் குறைப்பு என்பதைப் பலர் ஆய்வறையில் மட்டுமே தேடுகிறார்கள். அது இனப்பெருக்க அறையிலேயே தொடங்குகிறது.

இனி நடைமுறை. எலிக்கும் சுண்டெலிக்கும் பருவச் சுழற்சி நான்கு அல்லது ஐந்து நாள்தான். ஆகவே ஓர் ஆணுடன் இரண்டு அல்லது மூன்று பெண்களை ஒரு வாரம் விட்டால் போதும். நாள்தோறும் காலையில் யோனித் துடைப்பை நுண்ணோக்கியில் பார்த்து, விந்தணு தெரிந்த நாளை அட்டையில் எழுதிவிட்டு அந்தப் பெண்ணைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். ஆண் கூடவே இருந்தால், ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மீண்டும் பருவத்துக்கு வந்து அடுத்த சினையும் தரித்துவிடும். ஒன்றுக்குப் பாலூட்டிக்கொண்டே அடுத்ததையும் சுமக்கும் அந்தத் தாயின் குட்டிகள் எடை குறைந்து தேறுவதும், முதல் ஈற்றைப் பிரிப்பதற்கு முன் இரண்டாவது ஈற்று விழுந்து இரண்டும் கலந்து வயதுக் கணக்கு குழம்புவதும் உங்கள் இடநெருக்கடிக்குப் பெரும் காரணமாக இருக்கலாம்.

பால் மறக்கச் செய்வதை 21ஆம் நாளிலிருந்து தள்ளிப்போடாதீர்கள். ஆண், பெண் எனப் பிரிக்கையில் ஒரு குட்டியை மட்டும் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டை அருகருகே வைத்து ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையேயான தொலைவை ஒப்பிட வேண்டும். ஆணுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு. ஐயமிருந்தால் பத்தாம் நாளை ஒட்டி, ரோமம் அடர்வதற்கு முன் பெண் குட்டியின் வயிற்றில் முலைக்காம்புகள் புள்ளி புள்ளியாகத் தெரியும்போதே குறித்துக்கொள்ளலாம். தவறாகப் பிரித்த ஒரே ஓர் ஆண், பெண் கூண்டில் ஐந்து வாரம் இருந்துவிட்டுச் செய்யும் வேலையை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை அவசரப்பட மாட்டார்.

சுண்டெலியில் மணத்துக்குத் தனி ஆட்சி உண்டு. பெண்களை மட்டும் கூட்டமாக அடைத்து வைத்தால் அவற்றின் பருவச் சுழற்சி தடைப்படுகிறது. ஆணின் சிறுநீர் மணம் பட்டால் மீண்டும் தொடங்கி, மூன்றாம் இரவில் பெரும் பகுதி ஒன்றாகப் பருவத்துக்கு வருகிறது. விட்டன் என்பவர் 1956இல் விளக்கிய இந்த இயல்பைப் பயன்படுத்தி, இணை சேர்ப்பதற்கு மூன்று நாள் முன்பு ஆண் கூண்டில் கிடந்த பழைய படுக்கையில் ஒரு பிடியைப் பெண் கூண்டில் போட்டுவைத்தால் ஈற்றுகள் நெருக்கமாக விழும். மாறாக, இணைந்து நான்கைந்து நாள் ஆகாத பெண்ணின் அருகே புதிய ஆணைக் கொண்டுவந்தால் கருத் தங்காமல் போகக்கூடும். இதை ஹில்டா புரூஸ் 1959இல் கண்டறிந்தார். ‘இணைந்தது, ஆனால் ஈனவில்லை’ என்று உங்கள் பதிவேட்டில் அடிக்கடி எழுதியிருந்தால், அந்த வாரத்தில் ஆண்களை இடம் மாற்றினீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் பட்டியில் காங்கயம் மாடுகள் வளர்க்கிறோம். ஒரே பொலிகாளையை நீண்ட காலம் வைத்தால் ரத்த உறவு நெருங்கிவிடும் என்று காளையை மாற்றுவது எங்கள் வழக்கம். ஆய்வகத்தில் அண்ணன் தங்கையையே இணை சேர்ப்பதாகப் படித்தேன். அது எப்படிச் சரியாகும்? — விவசாயி, காங்கயம்

பதில்: உங்கள் பட்டியில் நீங்கள் செய்வதும் சரி, அவர்கள் செய்வதும் சரி. மாட்டில் வலிமையும் வளமும் வேண்டும். அதனால் வேற்றுமையைக் காக்கிறோம். சில ஆய்வுகளுக்கோ, ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும் விலங்குகள் வேண்டும். தொடர்ந்து 20 தலைமுறைக்கு உடன்பிறந்தவற்றையே இணை சேர்த்தால், மரபணு இடங்களில் 98 விழுக்காட்டுக்கு மேல் ஒரே தன்மையாகிவிடும். அப்படி வந்ததை உள்மரபினம் என்கிறோம். கிளாரன்ஸ் லிட்டில் என்னும் மரபியலாளர் 1921இல் உருவாக்கிய சி57பிஎல்/6 என்னும் கறுப்புச் சுண்டெலி அவற்றுள் மிகுதியாகப் பயன்படுவது. அவர் இணை சேர்க்கத் தொடங்கிய எலிகள், அமெரிக்காவில் கிரான்பி என்னும் ஊரில் விளையாட்டுக்காக எலி வளர்ப்போருக்கு விற்றுவந்த அபி லேத்ராப் என்னும் பெண்மணியின் பண்ணையிலிருந்து வந்தவை. பெயரிலுள்ள 57, அந்த இனத்துக்குத் தாயான பெண் எலியின் எண்.

ஆனால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் மிகுதியாக இருக்கும் விஸ்டாரும் சுவிஸ் அல்பினோவும் உள்மரபினங்கள் அல்ல. அவை வேற்றுமை காக்கப்பட வேண்டிய கலப்புக் கூட்டங்கள். அவற்றுக்கு உங்கள் பட்டியின் விதியே பொருந்தும். இங்கேதான் பெரும் தவறு நடக்கிறது. மூன்று ஆண், 12 பெண் என்று ஒரு சிறு கூட்டத்தை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். தலைமுறைதோறும் உறவு எவ்வளவு நெருங்குகிறது என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: ஆண்களின் எண்ணிக்கையின் எட்டு மடங்கால் ஒன்றை வகுத்து வருவதையும், பெண்களின் எண்ணிக்கையின் எட்டு மடங்கால் ஒன்றை வகுத்து வருவதையும் கூட்ட வேண்டும். மூன்று ஆணும் 12 பெண்ணும் என்றால் தலைமுறைக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது. 25 ஆணும் 25 பெண்ணும் என்றால் 1 விழுக்காடு. பெண் எத்தனை இருந்தாலும் ஆண் குறைந்தால் கணக்கு கெட்டுவிடும் என்பதைக் காளை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 25 இணைகளை வைக்க முடியாத கல்லூரி, தானே பெருக்குவதை விட்டுவிட்டுப் பதிவு பெற்ற பெரிய கூட்டத்திலிருந்து வாங்கிக்கொள்வதே நேர்மையான வழி என்பது என் கருத்து. இதைச் சொல்லி நான் சில கூட்டங்களில் நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டதும் உண்டு.

உள்மரபினமும் அப்படியே நின்றுவிடுவதில்லை. சி57பிஎல்/6 எலிகளை ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து 1951இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் வாங்கிச் சென்று தனியே வளர்த்தது. இன்று ஜாக்சன் கிளையில் என்.என்.டி. என்னும் மரபணுவில் ஒரு துண்டு குறைகிறது, மற்றக் கிளையில் அந்தக் குறை இல்லை. இன்சுலின் சுரப்பிலும் வேறுபாடு தெரிகிறது. நீரிழிவு ஆய்வுக்கு எந்தக் கிளையை வாங்கினோம் என்று எழுதாமல் விட்டால் முடிவை எப்படிப் படிப்பது?

கேள்வி: கோழிப் பண்ணைக்கு வரும் நெல் உமி, மக்காச்சோளக் கதிர்த் தக்கை, மர அறுவைத் தூள் எல்லாம் இங்கே மலிவாகக் கிடைக்கின்றன. எலிக்குப் படுக்கையாகப் போடலாமா? கோழித் தீவனத்தையே கொடுத்தால் என்ன? — வாசகர், நாமக்கல்

பதில்: உமியைச் சலித்துத் தூசி நீக்கி, ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைத்து உலர்த்திப் போடலாம், கோணிச் சாக்கிலிருந்து நேரே கொட்டக் கூடாது. களத்து எலியின் சிறுநீர் பட்ட சாக்கு ஒன்றே கூட்டம் முழுவதற்கும் நோயைக் கொண்டுவரும். கதிர்த் தக்கை ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதிலுள்ள சில பொருள்கள் எலிகளின் இனப்பெருக்க நடத்தையைக் குலைப்பதாக ஆய்வுகள் காட்டியிருப்பதால் இனப்பெருக்கக் கூண்டுக்கு நான் போடமாட்டேன். பைன், தேவதாரு போன்ற மணமுள்ள மரங்களின் தூளும் வேண்டாம். அவற்றின் ஆவி கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுவதால், மருந்தியல் ஆய்வின் முடிவே மாறிவிடும். கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் நோய்க்கான மருந்து கலந்திருக்கக்கூடும் என்பதால் அது கூடவே கூடாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் வரும் அஃப்ளடாக்ஸின் நஞ்சு பற்றிக் கோழி வளர்க்கும் நாமக்கல்லுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் ஆய்வகம் விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே இருக்கிறது. குட்டி ஈன்ற இரண்டு மூன்று நாளில் தாய் குட்டிகளைத் தின்றுவிடுகிறது. தறிச் சத்தம் காரணமா? கூட்டுக்குத் திருப்பூர் பனியன் கழிவைப் போட்டும் பயனில்லை. — ஆய்வு மாணவி, சோமனூர்

பதில்: இறந்த குட்டியைத் தின்று கூட்டைச் சுத்தமாக வைப்பது தாயின் இயல்பு, தின்றது என்பதனாலேயே அதுதான் கொன்றது என்று எழுதிவிடாதீர்கள். குட்டி ஏன் இறந்தது என்பதே முதற்கேள்வி. பிறந்த குட்டியின் தோல் கண்ணாடி போல இருக்கும். பால் குடித்திருந்தால் வயிற்றின் இடப்புறத்தில் வெள்ளைப் பட்டை ஒன்று வெளியிலிருந்தே தெரியும். முதல் நாள் மாலை, கூண்டை இழுக்காமல், மூடியைக்கூடத் திறக்காமல், பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். வெள்ளைப் பட்டை தெரிந்தால் தாய் பாலூட்டுகிறது, தொடாமல் விட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் தாய்க்குப் பால் இல்லை, அல்லது அமைதி இல்லை.

சத்தத்தைப் பொறுத்தவரை, மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது. எலிகளுக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு உயர்ந்த ஒலியும் கேட்கும். குட்டி கூட்டை விட்டு உருண்டுவிட்டால் தாயை அழைப்பதும் அந்த ஒலியில்தான். ஆகவே நாள்தோறும் ஒரே சீராக ஓடும் தறியின் இரைச்சலைவிட, சுவிட்ச், கம்ப்யூட்டர், சொட்டும் குழாய், தள்ளுவண்டியின் சக்கரம் ஆகியவை எழுப்பும், நமக்குக் கேட்காத கீச்சொலிகளையே நான் முதலில் தேடுவேன். தறி தரையை அதிரச் செய்தால் கூண்டு அடுக்கின் கால்களுக்கு ரப்பர் வையுங்கள். தீபாவளி வாரத்தில் ஈற்று விழாதபடி இணை சேர்க்கும் நாளைத் தள்ளி வைக்கவும் தவறாதீர்கள்.

பனியன் கழிவை இன்றே எடுத்துவிடுங்கள். அதன் நூல் பிரிந்து குட்டியின் காலில் சுற்றி இறுகினால் கால் வீங்கிக் கருகிவிடும். சாயமும் என்னென்ன கலந்ததோ தெரியாது. சாயமில்லாத டிஷ்யூ காகிதத்தை ஆட்டோகிளேவ் செய்து முழுத் தாளாகப் போடுங்கள். தாய் தானே கிழித்துக் கூடு கட்டிக்கொள்ளும். ஈன்ற முதல் சில நாள்களுக்குக் கூண்டை மாற்ற வேண்டாம். அதன் பிறகு மாற்றும்போதும் பழைய கூட்டில் ஒரு பகுதியைக் குட்டிகளோடு சேர்த்தே புதிய கூண்டில் வையுங்கள்.

காரணம் எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. நான் பணியாற்றிய ஓர் இல்லத்தில் ஒரு முறை இரண்டு மாதம் ஈற்றே விழவில்லை. தீவனத்தை மாற்றினோம், ஆண்களை மாற்றினோம், நோய் என்று சந்தேகித்து ரத்தம் எடுத்தோம். துடைப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் நாள் தவறாமல் தட்டையான செதில் செல்கள் மட்டுமே தெரிந்தன. பெண்கள் பருவத்திலேயே நின்றுவிட்டிருந்தன, கருமுட்டை வெளிப்படவில்லை. கூண்டு கழுவும் அம்மா ஒருவர் திருவிழாவுக்கு விடுப்பு வேண்டி இரவு முறைக்கு மாறி வந்தவர், காலையில் என்னிடம் வந்து, “ராத்திரி முச்சூடும் லைட்டு எரியுதுங்க டாக்டரு, அதுகளுக்குப் பொழுதே உழுகறதில்லீங்க” என்றார். பழுதான டைமரைக் கழற்றிவிட்டு விளக்கை நேரடியாக இணைத்துப் போயிருந்தார் மின்பணியாளர். பகலில் மட்டும் வந்துபோன எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று நானே எழுதி ஒட்டிய அறிவிப்பு அந்த அறைக் கதவிலேயே இருந்தது.

கேள்வி: கோடை முடிந்து மழை வந்த பிறகும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் எலிகள் சரியாக ஈனுவதில்லை. ஏன்? — ஆய்வக உதவியாளர், கரூர்

பதில்: சித்திரை, வைகாசியில் பிற்பகலில் ஏ.சி.யை நிறுத்தினீர்களா? எலியின் விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏழு வாரத்துக்கு மேல் ஆகும். அறை பல நாள் 30 பாகைக்கு மேல் கொதித்தால், அதன் விளைவு வெயில் தணிந்த பிறகே ஈற்றில் தெரியும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் விலங்கு இல்லத்துக்கும் வருகிறதா என்பதையும் முதல்வரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: விலங்கியல் பட்டதாரி நான். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வெள்ளை எலி வளர்த்துக் கல்லூரிகளுக்கு விற்கலாமா? — வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பதிவு இல்லாமல் முடியாது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 15ஆம் பிரிவின்படி விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்க அமைந்த ஒன்றிய அரசின் குழு இருக்கிறது, முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்றும் இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்றும் அழைக்கப்படுகிறது. ஆய்வுக்கு விலங்கை வளர்த்து விற்பவர் அதனிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 1998 விதிகளில் உள்ளது. கல்லூரிகளும் பதிவு பெற்ற இடத்திலிருந்தே வாங்க வேண்டும். கட்டடம், காற்றோட்டம், கால்நடை மருத்துவர், பதிவேடு எல்லாம் சேர்ந்தால் கொட்டகைச் செலவில் முடியாது. வெள்ளை எலி என்று நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள்; வெள்ளெலி என்று எழுதும் பலருக்கு, நம் காட்டு வரப்பில் வளை பறிக்கும் வெள்ளெலி முற்றிலும் வேறு இனம் என்பது நினைவில் இருப்பதில்லை.

கேள்வி: நம் பகுதிக்கும் ஆய்வக எலிகளுக்கும் பழைய தொடர்பு ஏதேனும் உண்டா? — பள்ளி ஆசிரியை, மேட்டுப்பாளையம்

பதில்: உங்கள் ஊரிலிருந்து மலை ரயில் ஏறினால் போதும். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுப் பிரிவே 1928இல் ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958இல் ஐதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவை அவர் எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைகட்டிய பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவற்றோடு அவ்வப்போது இறைச்சியும் அடங்கிய சீக்கியர் உணவு தின்றவை நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு தின்றவை மிகவும் பின்தங்கின. தம் இனப்பெருக்கக் கூட்டத்துக்கும் அவர் அந்த முதல் உணவையே கொடுத்து, கூண்டைச் சுத்தமாகவும் வெயில் படும்படியும் வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கூட்டத்தில் வளர்ந்த எலி ஒன்றுகூட நோயால் சாகவில்லை என்று எழுதியிருக்கிறார். உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது, மதிய உணவில் முளைகட்டிய பயறு போடும் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.